தொண்ணூற்றெட்டு அக்கா

ஹிசாயே வாரத்தில் ஐந்து நாள் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பாள். ஞாயிறு வந்தால் சிபா குன்றுகளுக்கு நடுவே இருக்கும் விளையாட்டுக் காட்டின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஏர்சாஃப்ட் என்கிற பிளாஸ்டிக் குண்டுச் சண்டை ஆட வருகிறவர்களின் துப்பாக்கிகளைப் பிரிப்பாள். உள்ளே போகக்கூடியது ஒரு பக்கம், போகக்கூடாதது மறுபக்கம்.

மேசை மீது ஒரு சின்னப் பெட்டி. அதன் வழியாக ஒரு குண்டு சுட்டால் அதன் பலம் எத்தனை ஜூல் என்று எண் விழும். புள்ளி ஒன்பது எட்டைத் தாண்டினால் அது விளையாட்டுச் சாமான் இல்லை, வைத்திருப்பதே குற்றம். யார் கெஞ்சினாலும் அவள் அந்த எண்ணை விட்டு அசைந்ததில்லை. அதனால்தான் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு அக்கா என்று பெயர் வந்தது.

அன்று அக்டோபர் ஆட்டம். வருடத்துக்கு ஒருமுறை துறைமுகத்து மீன்காரர்கள் அணியோடு நடக்கும். சாப்பாட்டுக் கொட்டகையில் தொங்கும் பலகையில் ஜெயித்தவர்கள் பெயரை எழுதுவார்கள். பதினோரு வரி எழுதியாகிவிட்டது, பதினொன்றும் மீன்காரர்கள். பன்னிரண்டாவது வரியில் தன் அணியின் பெயர் வரவேண்டும் என்று ஹிசாயே ஒரு வருடமாகப் படிக்கட்டு ஏறி இறங்கி முழங்காலைப் பழக்கி வைத்திருந்தாள்.

காலையில் வரிசையில் முதலாவதாக நின்றவரைப் பார்த்ததும் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. குஸுமி, அவளுடைய பல் டாக்டர். வயது அறுபத்தொன்று. உடம்பெல்லாம் புதுப் பச்சை உடுப்பு, கையில் யாரோ தெரிந்தவரிடம் வாங்கிய பழைய துப்பாக்கி.

"டாக்டர், ஸ்டேஷன்லேர்ந்து இதை இப்படியே தூக்கிட்டா வந்தீங்க?"

"சே சே. பையில போட்டு ஜிப்பை இழுத்துத்தான் கொண்டாந்தேன். அதுவரைக்கும் படிச்சிருக்கேன்மா."

"சரி, சுடுங்க."

பெட்டியில் ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு விழுந்தது.

"கொஞ்சந்தானே கூட இருக்கு?" என்றார் டாக்டர்.

"சொத்தை கொஞ்சந்தான்னு நீங்க விடுவீங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் துப்பாக்கியை மேசையில் வைத்தார். காட்டில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆள் வந்து அங்கேயே அதைக் கழற்றி ஸ்பிரிங்கை உருவினான். இனி அது வெறும் பிளாஸ்டிக். டாக்டருக்கு வாடகைத் துப்பாக்கி ஒன்று கொடுத்தார்கள். கூடவே ஹிசாயே விடாமல் சொன்னாள். கொட்டகைக்குள் வந்தால் குண்டுப் பெட்டியைக் கழற்ற வேண்டும், குழல் வாயில் உறை மாட்ட வேண்டும், காட்டுக்குள் என்ன ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

"பனி படிஞ்சு ஒண்ணும் தெரியலேன்னா?"

"கையைத் தூக்கிட்டு வெளியில வந்து தொடைங்க. வாய் மூடியும் போட்டுக்கங்க. முன்பல் போனா யார்கிட்ட போவீங்க?"

"அதானே, எனக்கு நானே எப்படிப் பிடுங்கறது?"

இந்த ஆட்டத்தில் குண்டு பட்டதற்கு அடையாளம் இருக்காது, சாயம் ஒட்டாது. பட்டவர் தானே "ஹிட்டு" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் கத்திவிடுவதுதான் வழக்கம் என்று ஹிசாயே சொல்லியிருந்தாள். டாக்டர் இதை ரொம்பவே மனதில் வாங்கிக்கொண்டார். பயிற்சி ஆட்டத்தில் பக்கத்து மரத்தில் குண்டு பட்டாலும் "ஹிட்டு!" இலை விழுந்தாலும் "ஹிட்டு!" கத்திவிட்டு, சுட்ட திசை பார்த்து ஒரு கும்பிடு வேறு. ஐந்து ஆட்டத்தில் ஐந்து முறையும் முதலில் வெளியே வந்தவர் அவர்தான்.

"டாக்டர், காட்டுல விழறதெல்லாம் குண்டு இல்ல. இலைக்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"சந்தேகம் வந்துச்சும்மா. நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்குன்னு இப்படியா? கொஞ்சம் நிதானமா ஆடுங்க."

மதியம் பெரிய ஆட்டம். எதிரணி முகாமில் இருக்கும் மணிப் பொத்தானை அமுக்குகிற அணிக்கு வெற்றி. டாக்டர் இந்த முறை இரண்டாவதாக வெளியேறினார், அதுவே முன்னேற்றம். ஹிசாயே ஓடவில்லை. ஓடையோரப் புதரில் அரை மணி நேரம் வயிற்றால் ஊர்ந்தாள். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது தலையைத் தூக்கினால், பத்தடியில் சிவப்புப் பொத்தான். காவலுக்கு ஒருவரும் இல்லை. முழங்கால் கூட வலிக்கவில்லை.

எழுந்து நாலு எட்டு வைத்தாள். பிடரியில் டக்கென்று ஒன்று பட்டது.

சுற்றிலும் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. இன்னும் ஒரே எட்டு, கையை நீட்டினால் போதும். குண்டா? குண்டு மாதிரிதான் இருந்தது. சத்தியமாகத் தெரியவில்லை.

"ஹிட்டு!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு பொத்தானைத் தாண்டி நடந்தாள். ஒரு நிமிடம் கழித்து அவளுடைய அணியின் முகாமில் மணி அடித்தது, மீன்காரர்கள் பொத்தானை அமுக்கிவிட்டார்கள்.

கொட்டகையில் குண்டுப் பெட்டியைக் கழற்றி, உறையை மாட்டி, கண்ணாடியை எடுத்து, சட்டையின் பின்னால் தொங்கிய தலைமூடியை உதறினாள். மேசையில் ஏதோ டொக்கென்று விழுந்து உருண்டது.

பளபளவென்று ஓர் ஓக் மரத்துக் கொட்டை.

எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள். பிறகு மீன்காரர்களின் தலைவர் உனோசாவா வாயைத் திறந்தார். "அக்கா, அந்தப் பக்கம் எங்க ஆள் ஒருத்தனும் இல்லியே. மரம்தான் உங்களைச் சுட்டிருக்கு!"

டாக்டர் கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டுல விழறதெல்லாம் குண்டு இல்லம்மா. அது சரி, இதைப் பெட்டி வழியா விட்டுப் பார்த்தீங்களா? தொண்ணூத்தெட்டைத் தாண்டியிருந்தா மரத்து மேல கேஸ் போடலாம்."

கொட்டகை அதிர்ந்தது. ஹிசாயேவுக்கு அழுகை வரும் போல இருந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

"மறுபடி ஆடுவோமா அக்கா? எங்களுக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் உனோசாவா.

"வேணாம். ஹிட்டுன்னா ஹிட்டுதான். போய் உங்க பேரை எழுதுங்க."

உனோசாவா தூரிகையை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். அவர் நகர்ந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது வரியில், ஈரம் காயாமல், கொட்டை எழுத்தில் இருந்தது: ஓக் மரம்.