விற்பதற்கு முன் மாற்றிய பிரேக்

அந்த வருஷம் மழை ஓயும்போது என் கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார். காசநோய். அவருக்குக் கம்பெனியில் உத்தியோகம். வங்காளத்தில், பாலிகஞ்ச் பேட்டையில் வாடகை வீடு. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய மோட்டார் கார். வீட்டுக்குள் வரத்தான் ஆள் இல்லை. இருமல் சத்தம் கேட்டு வேலைக்காரி நின்றுவிட்டாள். எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம் எங்கள் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

காரை விற்றுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். பக்கத்துப் பேட்டையான டாக்குரியாவில் இருந்த ஒரு வங்காளி வக்கீல் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பேச்சு முடிந்த அன்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தம்ளரைத் தள்ளினார்.

"பின் சக்கரத்து பிரேக் தேஞ்சு போச்சு. மாத்தாம குடுக்கப்படாது."

"வாங்கறவா பாத்துப்பா."

"அவருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? குழந்தைகளை ஏத்திண்டு போவார். ரயில் கேட் கிட்ட நிக்கலேன்னா?"

கார் ரிப்பேர் பார்க்கும் மிஸ்திரிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் வாசல்வரை வந்தான். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. மறுநாள் வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை.

"அப்போ நீ பண்ணு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "வாயில ரத்தமா வரது. உங்க மாருக்கு இல்லாத கவலை அந்தக் காருக்கு என்ன?"

"மாருக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்குப் பண்ணலாம்."

காலையில் கட்டிலை ஷெட் தெரியும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றிருந்ததால் பிரேக் கம்பியின் ஆணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தேன். இரண்டு விரல் நசுங்கியது. டிரம்மைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை கழன்று வந்தபோது பார்த்தேன். உள்பக்கத்துக் கல்நார்ப் பட்டை ரிவெட் தலைவரை தேய்ந்துபோயிருந்தது.

புதுக் கல்நார்ப் பட்டையை நோய் வருவதற்கு முன்பே வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

"ரிவெட்டை நடுவிலேர்ந்து அடிச்சிண்டு போ. ஓரத்துல ஆரம்பிச்சா தூக்கிக்கும்."

இதைச் சொல்வதற்குள் அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

எமரித் தாளால் துருவைத் தேய்த்து, சிவப்பு பெயின்ட் அடித்து, ஆணிகளுக்குக் கிரீஸ் தடவினேன். இரண்டு சக்கரத்துக்கும் இப்படியே ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். இனி நான் எங்கே இருப்பது, யாரிடம் போவது என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தேன். பிரேக்கைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

சனிக்கிழமை வக்கீல் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றார். "தாதா எப்படி இருக்கிறார், பௌதி?" என்று அண்ணா, அண்ணி முறை வைத்து வங்காளியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார். பிரேக் மாற்றியதை நான் சொல்லவில்லை. தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கார் நின்றது. பிறகு போயிற்று.

"முனையில நின்னுதா?"

"நின்னுது."

"ஒரு பக்கமா இழுத்துதா?"

"இல்லே. நேரா நின்னுது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

காளி பூஜைக்கு முன்பே போய்விட்டார். தூக்குவதற்குத் தெரிந்தவர் யாரும் வரவில்லை. கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. தந்தி கண்டு என் அண்ணா வந்து பட்டணத்துக்கு அழைத்துப்போனார். மெட்ராஸ் மெயிலில் அண்ணா அழுதுகொண்டே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் என் கணவர் முன்பின் தெரியாத யாருக்கோ செலவழித்துவிட்டாரே என்ற கோபம்தான் இருந்தது. அவர் செய்தது சரி என்று பிற்பாடு புரிந்தது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.