முப்பத்தோராம் நாள், அக்காவின் மடியில்

இதை நீங்கள் வாசிக்கும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீடு கழுவி, அக்கா இறந்த துடக்குத் தீட்டும் கழிந்திருக்கும். பந்தியில் இருப்பதற்கு முன் இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும், அக்காவின் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுகிறேன்.

செத்தவீட்டன்று பலர் என்னிடம் என்ன வருத்தம் என்று கேட்டீர்கள். நெஞ்சில் சளி கட்டியது என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அக்காவுக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது. எயிட்ஸ் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொல்கிற நோய்க்குக் காரணமான கிருமி அது. இதை எழுதச் சொன்னவர் அக்காதான். படுக்கையில் கிடந்த நாட்களில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் செத்தா புத்தகம் அடிப்பியள்தானே. அதில பொய் எழுதாதை பிள்ளை. மற்றப் பொம்பிளையள் பயத்தில இரத்தம் சோதிக்காமல் இருந்திடுவினம்."

நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எனக்கு ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். நாளைக்கு யாராவது தங்கள் பிள்ளையை அவளோடு விளையாட விடாமல் இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பாவம் என்னுடையதுதானே என்று யோசித்தேன். என் கணவரின் தாயாரிடம் கேட்டேன். "அவா கேட்டது உன்னட்ட. என்னட்டக் கேட்டு என்ன செய்யப்போறாய்" என்றார் மாமி. அது சம்மதமா கோபமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எழுதிவிட்டேன்.

அக்கா முரசுமோட்டையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டதால், அக்கா படிப்பை நிறுத்தித் தையல் பழகினார். நான் உயர்தரம்வரை படித்தது அந்தத் தையல் மெஷினால்தான். சண்டையால் இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போனபோது எல்லோரும் நெல் மூட்டையையும் சட்டி பானையையும் கட்டினார்கள். அக்கா மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியலில் வைத்துக் கட்டினார். மல்லாவியில் ஒரு மரப்பெட்டியின் மேல் அந்தத் தலையை ஏற்றி, ஒரு கையால் சில்லைச் சுற்றிக்கொண்டு மறு கையால் துணியைத் தள்ளுவார். அந்த வருடம் எங்கள் வரிசைக் கொட்டில்களில் இருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனதெல்லாம் அக்கா தைத்த வெள்ளைச் சட்டைகள்.

மல்லாவியில்தான் அத்தானைக் கல்யாணம் செய்தார். அத்தான் லொறி ஓடியவர், நல்ல மனிதர். பிள்ளைகள் கிடைக்கவில்லை. சமாதானம் வந்து கொழும்புப் பாதை திறந்ததும் முரசுமோட்டைக்குத் திரும்பினோம். திரும்பிய கொஞ்ச மாதத்தில் அத்தான் மெலிந்து, இருமி, ஒருநாள் எழும்பாமலே போய்விட்டார். என்ன வருத்தம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக முடிவெடுத்து, மருத்துவச் சோதனைக்காகக் கொழும்புக்குப் போனார். நான் மகளைப் பெற்றுப் பத்தாம் நாள் திரும்பி வந்தார். 'மெடிக்கல் பெயில்' என்று அம்மாவிடம் சொன்னார். நெஞ்சுப் படத்தில் ஏதோ கறை என்று அம்மா நினைத்துக்கொண்டார். அன்று பின்னேரம் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்று, உள்ளே வராமலே, எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். அத்தானிடம் இருந்து வந்ததாக இருக்கும் என்றும், அத்தானுக்கு எப்படி வந்தது என்று தான் யோசிக்கப்போவதில்லை என்றும் சொன்னார். "அந்த யோசனைக்கு மருந்தில்லை. எனக்கு இருக்காம்" என்றார்.

இனி நான் எழுதப்போவதை அக்கா எழுதச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நோயை எழுதிவிட்டு என்னுடையதை மறைத்தால் சரியாக இராது.

பிள்ளையைத் தூக்க அக்கா கை நீட்டினார். நான் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "துடக்கு அக்கா. தொட்டா நீங்கள் முழுகவேணும்" என்றேன். அக்கா கையை எடுத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு என்பது எங்கள் வழக்கம். எனக்கு அது நல்ல மறைவிடமாகிவிட்டது. அதற்குமுன் நான் துடக்கை இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தவள் அல்ல. அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. "கிளினிக்கால வாற மிஸ்ஸி தூக்கலாம், சொந்தப் பெரியம்மா தூக்கக்கூடாதோ? நல்ல துடக்கு" என்று நையாண்டி செய்தார்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் வீட்டில் ஒரே மாதிரி ஆறு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஒன்றின் அடியில் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, அதிலேயே அக்காவுக்குத் தேநீர் ஊற்றினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் இன்னும் எத்தனை நாள் துடக்கு இருக்கிறது என்று எண்ணினேன். மற்றத் தாய்மார் அது எப்போது முடியும் என்று எண்ணுவார்கள். நான் முடிந்துவிடுமே என்று எண்ணினேன்.

முப்பத்தோராம் நாள் வந்தது. பிள்ளைக்குத் தலைமயிர் வழிக்க வேண்டும். அவளுக்குத் தாய்மாமன் இல்லாததால் பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டியவர் பெரியம்மாதான் என்று அம்மா முதல்நாளே சொல்லிவிட்டார். முற்றத்தில் பாய் போட்டு, மாமியும் அயலவர்களும் கூடி இருந்தார்கள். நான் குசினிக்குள் பிள்ளையோடு நின்றேன். வெளியே போகக் கால் வரவில்லை.

அக்கா குசினிக்குள் வந்து, தான் குடித்த கோப்பையைக் கழுவினார். கழுவிக் கவிழ்த்துவிட்டு அடியில் இருந்த பொட்டை விரலால் தொட்டார்.

"இதை உள்ளுக்கு வைச்சிருக்கலாம் பிள்ளை. அடியில வைச்சா ஊத்தேக்க தெரியாது. போன கிழமை முழுக்க அம்மா இதிலதான் குடிச்சவா."

"அம்மாவுக்கு" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"அம்மாவுக்கு ஒண்டும் வராது. கோப்பையால, சோத்தால, தூக்கிக் கொஞ்சுறதால வராது எண்டு டொக்டர் எனக்கு ஒரு மணித்தியாலம் இருத்தி வைச்சுச் சொன்னவர். இரத்தத்தாலதான் பயம்." சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த புது பிளேட் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அதுக்குத்தான் இது. நீ பயப்படாதை. எனக்குக் கை நடுங்குது எண்டு சொல்லி அம்மாவையே மடியில வைச்சிருக்கச் சொல்லுறன்."

அக்கா கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான். என்னைச் சபையில் காப்பாற்றுவதற்கு அவர் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். தன் மடியை அவரே விட்டுக்கொடுக்க வந்திருந்தார். நான் பிள்ளையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் பாயில் காத்திருந்தேன். அக்கா வந்து ஓரமாக நின்றார். "இருங்கோ அக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சம்மணம் கட்டி இருந்தார். மகளை அவர் மடியில் கிடத்தினேன். என் கைதான் நடுங்கியது.

தலை வழிக்க வந்தவர் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அக்கா அந்தப் புது பிளேட்டை நீட்டி, "அண்ணை, இதைப் போட்டு வழியுங்கோ" என்றார்.

"என்ர கத்திக்கு என்ன குறை? பரந்தன் தொடக்கம் இஞ்சவரைக்கும் எல்லாத் தலையும் இந்தக் கத்திதானே."

"அதுதான் அண்ணை பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பிளேட்டை வாங்கினார். வழிக்கும்போது மகள் திமிறியதில் காதுக்கு மேலே கடுகளவு இரத்தம் வந்தது. அக்கா உடனே தையல் ஊசி குத்திய தன் விரலை மடக்கிக்கொண்டு, "பிள்ளை, நீ துடை" என்றார். நான் துடைத்தேன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை அந்த ஒரு காலைப்பொழுதில் அக்காவிடம் படித்தேன். அத்தனை நாளும் அவரைத் தள்ளி வைத்ததை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அதற்கு இன்று இந்த மலரில்தான் என்னால் நன்றி சொல்ல முடிகிறது.

அதன்பின் அக்கா கொழும்பில் மருந்து எடுக்கத் தொடங்கினார். மெலிந்த உடம்பு தேறியது. குடும்பநல மருத்துவமாதோடு சேர்ந்து விசுவமடு வரையும் சைக்கிளில் தாய்மார் கிளினிக்குகளுக்குப் போனார். முதலில் பிளேட்டைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பேசினார். பிறகு கணவனிடம் ஆணுறை கேட்பது எப்படி என்று வெட்கப்படாமல் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் ஒரு பெண், "உங்களுக்கென்ன, வந்து சொல்லிப்போட்டுப் போவியள்" என்று குத்தலாகச் சொன்னபோது, "எனக்கு இருக்கு தங்கச்சி, அதுதான் சொல்லுறன்" என்றாராம். மருத்துவமாது சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அன்று இரத்தம் சோதிக்க ஒப்புக்கொண்டவர்களில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமி இருந்தது. அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தார். நேரத்தோடு மருந்து எடுத்ததால் குழந்தைக்கு வரவில்லை. அந்தத் தாயின் ஊரை இங்கே எழுதியிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். தன்னுடையதை எழுதலாம் என்று சொன்னவர் அக்கா மட்டும்தான்.

சண்டை மீண்டும் தொடங்கிப் பாதை பூட்டப்பட்டபோது அக்காவிடம் சில வாரத்துக்குத்தான் மருந்து இருந்தது. பிறகு வந்தது கொஞ்சம், அதுவும் பிந்தி வந்தது. கடைசி மாதங்களில் காய்ச்சலும் மூச்சு முட்டலுமாக இருந்தார். அப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் என் மகளின் சட்டை ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. மகள் அவரோடுதான் படுத்துக் கதை கேட்பாள். நான் தடுக்கவில்லை. மனம் சில வேளை துணுக்குறும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் தடுக்கவில்லை. ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா அமைதியாக மூச்சை விட்டார்.

பாதை திறந்திருந்த காலம் முழுவதும் என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் மருந்துப் பொதியைத் தன் சாமான் லொறியில் கொண்டுவந்து தந்த வவுனியா முஸ்லிம் வியாபாரி நானாவுக்கும், இருந்த மருந்தை வைத்துக்கொண்டு இரவு பகல் பார்க்காமல் பாடுபட்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், அக்காவை ஒருநாளும் நோயாளி என்று அழைக்காத மருத்துவமாதுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவைக் குளிப்பாட்ட வந்த ஐந்து பெண்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தண்ணீர் வார்ப்பதற்கு முன் அவர்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, அக்கா எடுத்து வைத்திருந்த கையுறைகளைக் கொடுத்தேன். விரும்பாவிட்டால் போகலாம் என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவா தைச்ச சட்டையைத்தான் போட்டுக்கொண்டு நிக்கிறன். நான் எங்க போறது?" ஐந்து பேரும் நின்றார்கள். அந்த ஐந்து பேரை நினைத்துத்தான் நான்காம் தரம் எழுதிய இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் அச்சகத்துக்குக் கொடுத்தேன்.

இன்று உங்களுக்குத் தேநீர் தரும் கோப்பைகளில் அந்த ஆறும் இருக்கின்றன. சிவப்புப் பொட்டை நான் எப்போதோ சுரண்டிவிட்டேன். எது அக்காவுடையது என்று இப்போது எனக்கும் தெரியாது. இருந்து, குடித்துவிட்டுப் போங்கள்.