அண்ணை கேட்ட பந்து

அரையிறுதியில் நாங்கள் தோற்றதற்கு நீங்கள்தான் காரணம். நடுவர் இல்லை, மழை இல்லை, வழுக்கிய செயற்கைப் புல்லும் இல்லை. எங்கள் கழகத்தின் பயிற்சியாளரும் நீங்கள், கப்டனும் நீங்கள், தோல்வியும் உங்களுடையது.

நான் விளையாடுகிறவன் இல்லை. பார்க்கிறவன். நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலிருந்து நம்மவர்கள் அடிக்கும் பந்தைப் பார்த்து வருகிறேன். ஒஸ்லோவுக்கு வந்தபின் ஒவ்வொரு கோடையும் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் நம் பக்கத்துக் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன். இருக்கிற இளைஞர்களை வைத்து எப்போதோ கிண்ணம் எடுத்திருக்க வேண்டும். நாங்கள் எடுத்ததெல்லாம் அரையிறுதியில் ஒரு தோல்வி, பிறகு தின்ன ஆளுக்கொரு ரோல்ஸ்.

இந்த முறை வென்றே ஆக வேண்டும் என்று நான் நின்றதற்கு வேறு காரணமும் இருந்தது. வலது பக்கம் ஓடுகிறவனை, மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறவனை, ஒரு நோர்வேஜியக் கழகம் தங்களுக்கு விளையாட வரச்சொல்லிக் கேட்டிருந்தது. ஸ்டோவ்னரில் ரயிலுக்கு நிற்கும்போது அவனே என்னிடம் சொன்னான்: "இந்த முறையும் இப்பிடித்தான் எண்டால் நான் போயிடுவன் மாமா." அவன் போனால் கோல் அடிக்க எங்களிடம் ஆளில்லை. மற்ற இளைஞர்களும் அவன் பின்னால் போய்விடுவார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

அரையிறுதி எல்லிங்ஸ்ருட் அணியோடு. ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நீங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். எதிரணிப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், அண்ணைக்கு இருக்க ஒரு கதிரை குடுங்கோடா!"

நம்முடைய ஆட்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளியால வாரும் தம்பி!" என்று கத்தினேன். நீங்கள் கையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஓடினீர்கள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

என் பக்கத்தில் நின்ற சென்னைக்காரர் கேட்டார்: "என்னங்க, அவரை மாத்தவே மாட்டாங்களா?"

"ஆளை மாத்துறதே அவர்தான்."

"சரி, அப்ப அவரை யாரு மாத்துறது?"

நான் கோட்டோரத்தைக் காட்டினேன். வெளியே எங்கள் மாற்று ஆட்டக்காரர் மூன்று பேர் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது உங்களிடம் போய் 'நான் இறங்கட்டோ' என்று கேட்கவில்லை.

கடைசி நிமிடங்களில் அந்தத் தாதிப் பையன் வலது பக்கத்தால் தனியே உள்ளே போனான். கோல்காப்பாளர் முன்னே வந்துவிட்டார். வலையில் பாதி வெறுமையாகக் கிடந்தது. குழந்தை தட்டினாலும் போகும். அப்போதுதான் நடுவிலிருந்து உங்கள் குரல் வந்தது: "தம்பி, இஞ்சை! இஞ்சை தா!"

அவன் காலைத் தூக்கிவிட்டான். நான் பார்த்தேன். தூக்கிய காலை நிறுத்தி, உங்களுக்குத் தள்ளிவிட்டான். பந்து வந்து சேர்வதற்குள் உங்கள் முழங்கால் மடிந்தது. அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்க் கோல் போட்டார்கள். கோல் விழும்போதும் நீங்கள் புல்லில்தான் இருந்தீர்கள்.

பிறகு நீங்கள் தேநீர்க் கூடாரத்தில் நின்று, "வெற்றி தோல்வி சகஜம், மரியாதைதான் எங்கட கழகம்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் அவனைத் தேடிப் போனேன். கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, சப்பாத்துக்குள் போன செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகளைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்ரா அடிக்கேல்லை?"

"அண்ணை கேட்டவர் மாமா. கேட்டால் எப்பிடிக் குடுக்காமல் விடுறது?"

"ஆஸ்பத்திரியில பெரிய டொக்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாய். பிழையெண்டால் முகத்துக்கு நேர சொல்லுறாய். இஞ்சை ஏலாதோ?"

"அது அங்கை."

நனைந்த கழகச் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் வைத்தான். "நீங்களே குடுங்கோ. நான் குடுக்கப் போனால் அவர் தோளில கையைப் போட்டு, 'தம்பி, இன்னும் ஒரு வருசம்' எண்டுவார். என்னால இல்லையெண்டு சொல்லேலாது."

அவன் போய்விட்டான். விளையாட்டிலும் உங்களுக்கு இல்லையென்று சொல்ல முடியவில்லை, விலகிப் போகும்போதும் முடியவில்லை. நீங்கள் பழக்கிய மரியாதை அதுதான். பெரியவர் கேட்டால் பந்து கொடு என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லிக் கொடுத்தீர்கள். எப்போது கொடுக்கக் கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

சட்டை தோய்த்துக் காயவைத்து என் வீட்டில் இருக்கிறது. தனியே கதைக்கலாம், தேநீர் குடிக்க வாங்கோ என்று எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். வரமாட்டேன். கழகத்தின் பொதுக்கூட்டத்துக்குத்தான் வருவேன். மேசையில், உங்கள் முன்னால், அந்தச் சட்டையை வைப்பேன். நீங்கள் எழும்பி, ஒலிவாங்கியைப் பிடித்து, அங்கே இருக்கும் இளைஞர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பந்தை ஏன் கேட்டீர்கள்?