நாலு பேருக்கு மூன்று தட்டு

பலாபத்வலையில் ஒரு லொறி டிரைவர் வீட்டில் பகல் சாப்பாடு. இருந்தது என்னோடு நாலு பேர், மேசையில் மூன்று தட்டு. டிரைவரின் அண்ணன் வந்திருந்ததால் டிரைவரின் மனைவி தனக்கு வைக்கவில்லை. முறுக்கு மீசைக்காரரான டிரைவரோ, மனைவி உட்காராமல் சோற்றைத் தொடமாட்டார்.

அவரை வளர்த்த அந்த அண்ணன் சீறினார். "பொண்டாட்டி வந்து ஊட்டி விடணுமாடா?"

"அவங்களும் உக்காரட்டும்ண்ணே."

"பொம்பளைக்குக் காத்திருக்கிற வீட்டுல எனக்குச் சோறு வேணாம்!" அண்ணன் எழுந்தார்.

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தார். "ஐயோ, அவர போக விடாதீங்க. நான் பொறகு சாப்பிடுறேன்."

"சமைச்சவங்க கடைசியில சாப்பிடுறது இந்த வீட்டுல இல்ல. அண்ணே, செருப்பு வாசல்ல இருக்கு."

அண்ணன் போய்விட்டார். அவர் தொடாத தட்டை டிரைவர் தன் மனைவியின் முன் நகர்த்தினார். மனைவி உட்கார்ந்த பிறகே சோற்றில் கை வைத்தார். மூன்று பேர், மூன்று தட்டு, கணக்குச் சரி. ஆனாலும் வாசலைப் பார்த்தபடியே அந்த மனிதர் சாப்பிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.