அப்படியே ரெக்கார்டு மாதிரி

எங்கள் ராஜபாளையத்தில் ஒரு பாட்டுக்காரனை மெச்ச ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. "அப்படியே ரெக்கார்டு மாதிரி பாடுதாம்ப்பா." அதற்கு மேல் பாராட்டு கிடையாது. சினிமாப் பாட்டு ரெக்கார்டில் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கேதான் இவனும் மூச்சு வாங்க வேண்டும், எங்கே இழுக்கிறதோ அங்கேதான் இழுக்க வேண்டும். ஆசைப்பட்டுச் சொந்தமாக ஒரு சங்கதி போட்டுவிட்டால் போச்சு, "பாட்ட மறந்துட்டான்டோய்" என்று விசில் பறக்கும். இந்த ஊரில்தான் என் அண்ணன் பாடகனாக இருந்தான். நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை, திருவிழாக் காலத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் பாட்டு. தங்கச்சி நானும் அதே மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தேன்.

குழுவுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ரசிகர்கள் என்று சொன்னால் போதாது, பைத்தியங்கள். முக்கால்வாசிப் பேர் எங்கள் மில் ஆட்கள். கூமாப்பட்டியில் கச்சேரி என்றால் ஷிப்டை மாற்றிக்கொண்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் பஸ் பிடிப்பார்கள். கிருஷ்ணன்கோவில் கச்சேரியில் மழை கொட்டியபோது, உட்கார்ந்திருந்த நாற்காலியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டு மேடைக்கு நேர் எதிரே இடம் பிடிப்பார்கள். அண்ணனுக்குத் தொண்டை கட்டினால் மில் கேட்டில் என்னை மறித்து மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்க நாதி இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒரு ஃபிட்டர், டி.வி.யில் ஏதோ ஒரு விவரணப் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குத்தான் கேசட்டு போடணும்னு சட்டமா? நம்ம கச்சேரியப் படமா எடுப்போம், நம்மளையும் சேத்து எடுப்போம்" என்றார். ஊரில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ஒருவரைப் பேசி முடித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயில் திருவிழாவில் கச்சேரி. அன்று காலையிலிருந்தே கேமரா அவர்கள் பின்னால் அலைந்தது. பஸ்ஸில் ஏறுவது, மைக்செட் கட்டுவது, வட்டமாக உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்பது எல்லாவற்றையும் எடுத்தார். ஒருவர் கேமராவைப் பார்த்து, தன் கல்யாணத்தன்றே பெண்ணை உட்கார வைத்துவிட்டுக் கச்சேரிக்கு ஓடிவந்த கதையைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் யாரும் மைக்கை நீட்டவில்லை.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வீடியோ லைட்டில் ஈசல் மொய்த்தது. அண்ணன் மேடையேறி, எப்போதும் போல மைக்கை விரலால் தட்டிப் பார்த்தான், பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று விசாரித்தான், பாடினான். அன்றைக்கு நன்றாகப் பாடினான். என் அண்ணன் என்பதால் சொல்லவில்லை, குற்றம் கண்டுபிடிக்கத்தான் நான் எப்போதும் போவது.

அம்மா வரவில்லை. அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்து ஆளே மங்கலாகத்தான் தெரியும். கூட்டத்தில் இடிபடப் பயந்து எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை. வீட்டில் அவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

கேசட் தயாரானதும் ஃபிட்டர் வீட்டு வாசலில் டி.வி.யை வைத்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். தெருவே கூடியது. கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாதஸ்வரம், பிள்ளைகள் அழுகை, பந்திச் சத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். அதுதான் நல்ல வேலை என்று பெயர். இந்த மனிதரும் குறை வைக்கவில்லை. அண்ணன் பாடின பாட்டுகளுக்கெல்லாம் ஒரிஜினல் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, வாயசைவுக்குச் சரியாகப் பொருத்தி ஏற்றியிருந்தார். டி.வி.யில் என் அண்ணன் வாயைத் திறக்கிறான், சினிமாப் பாடகரின் குரல் வருகிறது.

யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் குதித்தார்கள். "ஒரு இடத்துலயாவது வாய் பிசகுதா பாருலே!" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ரெக்கார்டுக்கும் அவனுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"ஒங்கொரல் எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி" என்று சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து மஞ்சள்காமாலையில் போய்விட்டான். கீழாநெல்லி, பத்தியம், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி என்று எல்லாம் பிந்தித்தான் நடந்தது. ரசிகர்கள் அந்த ஒரே துணிச் சட்டையோடு வந்து தூக்கினார்கள். பொய்யாக அழவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பங்குனிக்குள் குழுவுக்கு ஒரு புதுப் பையன் வந்துவிட்டான். அவனும் அப்படியே ரெக்கார்டு மாதிரி பாடினான். அவர்களும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே விசிலை அடித்தார்கள். என் அண்ணனின் இடம் காலியாகவே இல்லை.

ஒருநாள் அம்மா, "அவன் பாட்டு ஒண்ணு கேக்கணும் போல இருக்குட்டி" என்றாள். ரசிகர்களிடம் அலைந்து பார்த்தேன். முன்பு கச்சேரிகளுக்கு டேப்ரெக்கார்டர் தூக்கி வந்தவர்கள், அதுதான் படமாகவே வந்தாச்சே என்று அந்தக் கேசட்டுகளில் வேறு பாட்டுப் பதிந்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் படம்தான் மிச்சம். பக்கத்து வீட்டு டி.வி.யைக் கேட்டு வாங்கி, டெக் எடுத்து வந்தேன். "படம் எனக்கு எதுக்கு, கண்ணா தெரியுது? சத்தத்தக் கூட்டி வையி" என்று டி.வி.யை ஒட்டி உட்கார்ந்தாள்.

படத்தில் ஏற்றியிருந்தது சினிமாக்காரன் குரல் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. ஆனாலும் ஊரே ஒண்ணுதான் என்றதே, பெற்றவளுக்கும் ஒண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நப்பாசை. பஸ்ஸும் சாப்பாடும் அவளுக்கு எதற்கு என்று கேசட்டை ஓடவிட்டு, நேராகப் பாட்டில் கொண்டுபோய் நிறுத்திப் போட்டேன். ஒரு வரி முடியவில்லை.

"இது சினிமாக்காரம்லா பாடுதான். எம் பிள்ள எங்கட்டி?"

டெக்கை நிறுத்தினேன்.

மறுநாள் வீடியோக்காரர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். "விசிலும் கரகரப்புமா ஒரே எரைச்சல் தங்கச்சி. அவன் பேரு கெட்டுரக் கூடாதேன்னுதான் மாத்துனேன்" என்றார். கேமராவில் இருந்த கேசட் எங்கே என்று கேட்டேன். அதில் அடுத்த முகூர்த்தமே ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டாராம். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் வைவதற்கு வாய் வரவில்லை. வாசல்வரை வந்தவர் தயங்கி நின்றார்.

"மொதப் பாட்டுக்கு முன்னால செத்த நேரம் ஓட்டிப் பாரும்மா. மைக் டெஸ்டிங் இருக்கும். அதுக்கு ரெக்கார்டு ஏது? அப்படியே விட்டுட்டேன்."

திரும்ப டெக் எடுத்து வந்தேன். இந்தத் தடவை அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் மைக்கை விரலால் தட்டுகிற சத்தம், யாரோ அடித்த விசில், கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் அண்ணன்.

"ஹலோ… ஹலோ… பின்னால இருக்கவியளுக்குக் கேக்குதா?"

அம்மா டி.வி. மேல் கையை வைத்தாள்.

"கேக்குதுய்யா" என்றாள்.

பாட்டு ஆரம்பிப்பதற்குள் சத்தத்தை அணைத்தேன். "இன்னொருக்க போடு" என்றாள். திருப்பிப் போட்டேன். டெக்கைத் திரும்பக் கொடுக்கிற நேரம்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.