பூட்டிய கண்ணாடிக்குள் ரம்புட்டான்

பக்கவாதத்தில் கை விளங்காமல் கிடக்கும் பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு தள்ளுவண்டி நிறைய ரம்புட்டான் பழம். மயிர் முளைத்த அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம். மலேசியாவிலிருந்து பெரியம்மாவின் கணவர் பெரியத்தா ஒரு பை நிறைய இதைக் கொண்டுவந்தார். பெரியம்மா கூடத்துக் கண்ணாடி அலமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே பழங்களை அடுக்கிப் பூட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். காய்ச்சலில் வாய் கசந்து கிடந்த என் தம்பி ஒன்று கேட்டான்.

“அது பாக்கத்தான். யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள்.

ஒரு வாரத்தில் பழங்கள் கறுத்து நீர் வடிந்தன. கூடமே புளித்து நாறியது. அப்போதும் தரவில்லை, சாக்கடையில் கொட்டினாள். பொறுக்கப் போன தம்பியை அம்மா இழுத்துவந்து அடித்தாள். பெரியம்மாவிடம் காட்ட முடியாத கோபமெல்லாம் அவன் முதுகில் இறங்கியது.

ஒரு கிலோ வாங்கிப்போய், புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே தட்டில் குவித்தேன்.

“ஒண்ணு உரிச்சுக் குடும்மா” என்றாள் பெரியம்மா.

“அது பாக்கத்தான் பெரியம்மா.”

அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றை உரித்து வாயில் போட்டேன். இந்தப் பழத்தை நான் தின்பது அதுதான் முதல் தடவை. நன்றாகவே இனித்தது.