ஜான் பீயின் குருமாவும் எடை பார்த்த மிஷினும்

தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் பஞ்சர் கடை, எதிரில் ஜான் பீயின் பரோட்டாக் கடை. பரோட்டா போடுவது அவர் வீட்டுக்காரர் அப்துல் ரஷீத். குருமா ஜான் பீயின் கை; நாங்கள் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாசனைக்கு லாரி தானாகவே பிரேக் போடும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பாயம்மாவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. டியூபுக்கு நான் தடவும் பசை எதிலிருந்து வருகிறது என்று கேட்பார். எனக்குத் தெரியாது. தெரியாமலா இத்தனை வருஷமாக ஒட்டுகிறாய் என்பார். அப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது.

அந்தக் குருமாவில் அபின் போடுகிறார்கள், அதனால்தான் டிரைவர்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வாய்க்கு ருசியாக ஒருத்தி சமைத்துவிட்டால் நம் ஊருக்குப் பொறுக்காது. கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். எண்பத்தேழில் அந்தச் சிரிப்பு போயிற்று.

இண்டூர்க்காரன் சின்னன், லாரி டிரைவர், ஒருநாள் மத்தியானம் அங்கே சாப்பிட்டுவிட்டு இறக்கத்தில் வண்டியைக் கவிழ்த்துவிட்டான். கால் முறிந்தது, உயிர் தப்பியது. மயக்கம் தெளியாததால் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். குருமா தின்றதும் கண் சொக்கிவிட்டது என்று போலீஸிடம் சொன்னான். அவ்வளவுதான், குருமாவை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, கடை யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து ரஷீத் பாயைக் கூட்டிப் போய்விட்டார்கள். குருமாவில் உப்பு எவ்வளவு என்றுகூடத் தெரியாத மனுஷன் அவர். போதைப் பொருளுக்குச் சட்டம் புதிதாக வந்திருந்தது, நிரூபித்தால் பத்து வருஷம் உள்ளே. ஸ்டேஷன் வாசலில் நின்று பாயம்மா குர்ஆன் மேல் சத்தியம் செய்தார். என் குருமாவில் அபின் துளிகூட இல்லை என்று.

குருமாவும் சின்னன் வயிற்றிலிருந்து எடுத்ததும் மெட்ராஸ் போயின. இரண்டிலும் மருந்தை விட்டுப் பார்த்தார்களாம், இரண்டும் ஊதாவாக மாறியதாம். 'அபின் வகை' என்று எழுதி வந்துவிட்டது. பாயம்மா அழவில்லை. வக்கீலிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வகைன்னா என்னாங்க? தொவரையும் பருப்புதான், கடலையும் பருப்புதான். எதுன்னு சொல்லச் சொல்லுங்க."

வக்கீல் மனுப் போட்டார். இரண்டு பாட்டிலும் ஐதராபாத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போயின. எது என்ன பொருள் என்று பிரித்துச் சொல்லும் மிஷின் அங்கே இருக்கிறதாம். ரஷீத் பாய் சேலம் ஜெயிலில் இளைத்துக்கொண்டிருந்தார். கடை அடைத்துக் கிடந்தது. பாயம்மா மட்டும் தினமும் என் கடைக்கு வந்து, அந்த மிஷின் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சாட்சி முடிந்ததும் பாயம்மா அவரை வராந்தாவில் மடக்கிப் பிடித்தார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பார்க்க ஒன்றுபோல இரண்டு லாரி, ஒன்றில் ஸ்டெப்னி கூடுதல். கண்ணுக்குத் தெரியாது, எடை மேடையில் ஏற்றினால் தெரிந்துவிடும். அந்த மிஷின் ஒரு பொருளின் கண்ணுக்கே தெரியாத துகளை எடை போடும். பிறகு அதை உடைத்து, உடைந்த துண்டுகளையும் எடை போடும். அபினில் இருக்கும் மார்ஃபீன் எடை இருநூற்று எண்பத்தைந்து. சின்னன் வயிற்றில் இருந்தது அதன் பங்காளி கோடீன், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பதினாலு கூடுதல். இருமல் டானிக்கில் கலப்பது அதுதான்.

சின்னனைக் கேட்டார்கள். இருமல் தாங்காமல் பாதி பாட்டில் டானிக்கைக் கவிழ்த்துக்கொண்டுதான் வண்டி எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டான்.

பாயம்மா அதோடு விட்டாரா? அப்படியானால் என் குருமா ஏன் ஊதாவாச்சு என்று கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"கசகசா அரைச்சுப் போடறீங்க இல்லையா? அபினும் அதே செடிதாம்மா. விதையில கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டு வரும். போதை ஏறாது, ஆனா இருக்குது. மார்ஃபீன்தான்."

கசகசா போட்டுச் சமைப்பது குற்றமில்லை என்று கோர்ட் சொல்லிவிட, ரஷீத் பாய் வெளியே வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். பாயம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. துளிகூட இல்லை என்று சத்தியம் செய்தேனே, அது பொய்யாகிவிட்டதே என்றார். தெரியாமல் சொன்னதற்குப் பரிகாரம் தேவையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளா? தவறிய சத்தியத்துக்குப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கடை திறந்த அன்று போட்டார்.

ஒன்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆளைத் தேடும்போது, சின்னன் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு என் கடையில் தலை குனிந்து நிற்பதைப் பாயம்மா பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு ரோட்டைத் தாண்டத் தைரியம் வரவில்லை. லாரி வேலையும் போய்விட்டிருந்தது. எனக்கு அவனைப் பார்த்தால் ஆத்திரம்தான். பாயம்மா ரோட்டைத் தாண்டி வந்து, அவன் தோளைப் பிடித்துக் கூட்டிப் போய் இலை முன்னால் உட்கார வைத்தார்.

அவன் குருமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கசகசா போட்டுருக்கேன்டா," என்றார் பாயம்மா. "துளி இருக்குதாம், மிஷினே சொல்லிருச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஊத்தறேன். சாப்பிடு."

சின்னன் அழுதுகொண்டே சாப்பிட்டான். இரண்டாவது தடவையும் குருமா கேட்டு வாங்கிக்கொண்டான்.